ஐசிசி: எண்ணைப் பார்க்கும் முன் அதன் கீழ் எல்லையைப் பாருங்கள்

ஐசிசி (இன்ட்ராகிளாஸ் கோரிலேஷன்) என்பது ஒரே நபர்களைப் பல பேர் அளந்தால் அந்த எண்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று சொல்லும் நம்பகத்தன்மை அளவு, ஒன்றை நெருங்க நெருங்க நல்லது. ஆறு நபர்களுக்கு நான்கு மதிப்பீட்டாளர்கள் மதிப்பெண் போட்ட சின்ன அட்டவணை ஒன்று இருக்கிறது. 1979இல் ஷ்ரௌட், ஃப்ளைஸ் இருவரும் சைக்கலாஜிக்கல் புல்லட்டின் இதழில் எழுதிய கட்டுரையில் வந்தது. மொத்தமே 24 எண்கள்தான், ஆனால் நம்பகத்தன்மை ஆய்வு பற்றிப் பேசுகிறவர்கள் இன்றைக்கும் அதைத்தான் எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். முதல் நபருக்கு 9, 2, 5, 8. இரண்டாமவருக்கு 6, 1, 3, 2. அடுத்து 8, 4, 6, 8. பிறகு 7, 1, 2, 6. ஐந்தாமவருக்கு 10, 5, 6, 9. கடைசி நபருக்கு 6, 2, 4, 7.

இந்த 24 எண்களை எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் போட்டு, ரிலையபிலிட்டி அனாலிசிஸ் பக்கத்தில் ஐசிசி பெட்டியை மட்டும் டிக் செய்துவிட்டு, வேறு எதையும் தொடாமல் ஓகே கொடுத்தால் ஒரு மதிப்பீட்டாளருக்கான ஐசிசி 0.71 என்று வரும், 95% நம்பிக்கை இடைவெளி (உண்மையான ஐசிசி எந்த எல்லைகளுக்குள் இருக்கலாம் என்ற மதிப்பீடு) 0.34 முதல் 0.95 வரை. அதே எண்களை ஸ்டேட்டாவின் ஐசிசி கட்டளைக்கு, நபர் எது மதிப்பீட்டாளர் எது என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால் 0.29, இடைவெளி 0.02 முதல் 0.76. ஆர் மொழியில் ஐஆர்ஆர் தொகுப்பின் ஐசிசி சார்பில் அட்டவணையை அப்படியே போட்டால் 0.17, இடைவெளி மைனஸ் 0.13 முதல் 0.72.

மூன்றுமே சரியான கணக்கு. மூன்றும் வெவ்வேறு கேள்விக்கான பதில், அவ்வளவுதான். எந்தக் கேள்வி என்பதை நீங்கள் சொல்லாவிட்டால் மென்பொருள் தன் டிஃபால்ட்டை வைத்துத் தானே முடிவு செய்துகொள்ளும். பிசியோதெரபி, நர்சிங், பல் மருத்துவம், உளவியல் என்று எந்தத் துறை ஆய்வேடாக இருந்தாலும் "ஐசிசி நன்றாக வந்திருக்கிறது" என்று எழுதும் முன் இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும்.

கேள்விகள் மூன்று. முதலாவது மாதிரி, அதாவது மாடல். ஒவ்வொரு நபரையும் வேறு வேறு மதிப்பீட்டாளர் குழு பார்த்திருந்தால், இந்த வித்தியாசம் நபரால் வந்ததா மதிப்பீட்டாளரால் வந்ததா என்று பிரிக்கவே முடியாது, அதற்கு ஒன்வே மாதிரி. எல்லா நபர்களையும் அதே மதிப்பீட்டாளர்கள் பார்த்திருந்தால் டூவே. டூவேயிலும் இரண்டு உண்டு: இந்த நான்கு பேர் ஒரு பெரிய கூட்டத்திலிருந்து எடுத்த சாம்பிள், நாளைக்கு வேறு யாரோ நான்கு பேர் இந்த அளவைக் கருவியைப் பயன்படுத்தப் போகிறார்கள் என்றால் ரேண்டம், இந்த நான்கு பேரைத் தவிர வேறு யாரைப் பற்றியும் எனக்குக் கவலை இல்லை என்றால் மிக்ஸ்டு.

இரண்டாவது கேள்விதான் எண்களைப் புரட்டிப் போடுவது: ஒத்திசைவு போதுமா, முழு உடன்பாடு வேண்டுமா? மேலே உள்ள அட்டவணையில் மதிப்பீட்டாளர்களின் சராசரியைப் பாருங்கள். முதல்வர் சராசரியாக 7.67 போட்டிருக்கிறார், இரண்டாமவர் 2.5, மூன்றாமவர் 4.33, நான்காமவர் 6.67. முதல்வர் கை தாராளம், இரண்டாமவர் ரொம்பக் கறார். ஆனால் யார் மேலே யார் கீழே என்ற வரிசையில் நால்வரும் ஓரளவு ஒத்துப்போகிறார்கள். வரிசை மட்டும் முக்கியம் என்றால் இந்தத் தாராளமும் கறாரும் பொருட்டில்லை, ஐசிசி 0.71. எண்ணே ஒத்துப்போக வேண்டும் என்றால் அந்த வித்தியாசமும் பிழைக் கணக்கில் சேரும், ஐசிசி 0.29க்கு இறங்கிவிடும். ஒரு முழங்கால் மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது என்று இரண்டு பேர் அளந்து, ஒருவர் எப்போதும் பத்து டிகிரி கூட்டிச் சொன்னால், அந்த எண்ணை வைத்து சிகிச்சை முடிவெடுக்கிறவருக்கு "வரிசை ஒத்துப்போகிறது" என்ற செய்தியால் ஒரு பயனும் இல்லை. மருத்துவ அளவீடுகளில் பெரும்பாலும் முழு உடன்பாடுதான் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எஸ்பிஎஸ்எஸ்ஸின் டிஃபால்ட்டோ டூவே மிக்ஸ்டு, ஒத்திசைவு. ஆகவே அங்கே கையால் மாற்றியே ஆக வேண்டும்.

இன்னொன்று. எஸ்பிஎஸ்எஸ்ஸில் டூவே ரேண்டமைத் தேர்ந்தெடுத்தாலும் டூவே மிக்ஸ்டைத் தேர்ந்தெடுத்தாலும், ஒத்திசைவா உடன்பாடா என்பது ஒன்றாக இருந்தால், எண்ணும் இடைவெளியும் மாறாது. 1996இல் மெக்ராவும் வாங்கும் எழுதிய கட்டுரையில் வரும் சூத்திரங்கள் அப்படித்தான் அமைந்தவை. மாறுவது பொருள்தான்: முடிவை வேறு மதிப்பீட்டாளர்களுக்கும் நீட்டலாமா கூடாதா என்பது. எண் மாறவில்லையே, ஏதோ தவறு செய்துவிட்டோம் என்று திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. தவறு எதுவும் இல்லை.

மூன்றாவது கேள்வி, ஒருவரின் அளவீடா, பல பேரின் சராசரியா? வெளியீட்டில் இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும், சிங்கிள் மெஷர்ஸ், ஆவரேஜ் மெஷர்ஸ் என்று. நம் அட்டவணையில் 0.71 சராசரிக்குப் போகும்போது 0.91 ஆகிறது. பெரிய எண்ணைப் பார்த்ததும் கை அதைத்தான் எடுக்கும். நடைமுறையில் எப்போதும் நான்கு பேர் அளந்து சராசரி எடுத்துத்தான் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் 0.91 உங்களுடையது. வார்டில் ஒரே ஒரு நர்ஸ் அளந்து எழுதப் போகிறார் என்றால் அது உங்களுடையது அல்ல.

சரி, இடைவெளிக்கு வருவோம். அது எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறை கையால் போட்டுப் பார்த்துவிட்டால் பிறகு மென்பொருள் சொல்வது புரியும், ஏமாறவும் மாட்டோம். முதலில் அனோவா அட்டவணை, அதாவது மொத்த வித்தியாசத்தில் எவ்வளவு எங்கிருந்து வந்தது என்று பிரித்துக் காட்டுவது. இந்தத் தரவில் நபர்களுக்கிடையேயான சராசரி வர்க்கம் 11.24, மதிப்பீட்டாளர்களுக்கிடையேயானது 32.49, மிச்சமிருக்கும் பிழை 1.02. நபர்களுடையதைப் பிழையால் வகுத்தால் 11.03, இதுதான் எஃப். டிஎஃப் (டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம்) 5, 15: நபர்களில் ஒன்று குறைத்தால் 5, அதை மதிப்பீட்டாளர்களில் ஒன்று குறைத்த 3ஆல் பெருக்கினால் 15. இப்போது எக்செல்லிலேயே எஃப் பரவலின் மேல் 2.5 சதவீதப் புள்ளியை எடுத்தால், 5க்கும் 15க்கும் 3.58 வரும், டிஎஃப்பைத் திருப்பிப் போட்டு 15க்கும் 5க்கும் எடுத்தால் 6.43. நம் எஃப்பை 3.58ஆல் வகுத்தால் 3.08. அதிலிருந்து ஒன்றைக் கழித்து மேலே வையுங்கள், அதே 3.08ஓடு மூன்றைக் கூட்டிக் கீழே வையுங்கள் (மூன்று என்பது மதிப்பீட்டாளர் எண்ணிக்கையில் ஒன்று குறைவு), வகுத்தால் 0.34. கீழ் எல்லை அதுதான். மேல் எல்லைக்கு நம் எஃப்பை 6.43ஆல் பெருக்கி அதே வேலையைச் செய்தால் 0.95. எஸ்பிஎஸ்எஸ் கொடுத்த அதே இரண்டு எண்கள்.

கூட்டல் கழித்தல் குறி போட்டு இருபக்கமும் ஒரே அளவு நீட்டும் இடைவெளி இல்லை இது. 0.71க்குக் கீழே 0.37 தூரம், மேலே 0.23 தூரம். அதனால் "ஐசிசி 0.71, கூட்டல் கழித்தல் இவ்வளவு" என்று எழுதக் கூடாது, இரண்டு எல்லைகளையும் தனித்தனியாகத்தான் கொடுக்க வேண்டும்.

முழு உடன்பாட்டுக்கான இடைவெளி இவ்வளவு நேரடியானது இல்லை. அங்கே நபர், மதிப்பீட்டாளர், பிழை என்ற மூன்று சராசரி வர்க்கங்களும் சூத்திரத்துக்குள் வருகின்றன, அவற்றின் கலவைக்குத் துல்லியமான எஃப் பரவல் கிடையாது. அதனால் சாட்டர்த்வைட் முறையில் ஒரு தோராய டிஎஃப் கண்டுபிடிக்கிறார்கள். ஃப்ளைஸும் ஷ்ரௌட்டும் 1978இல் சைக்கோமெட்ரிகா இதழில் கொடுத்த வழி இது. நம் தரவில் அந்தத் தோராய டிஎஃப் என்ன வருகிறது தெரியுமா? சுமார் 4.8. ஒத்திசைவுக் கணக்கில் 15ஆக இருந்தது ஐந்துக்கும் கீழே போய்விட்டது. காரணம் எளிது: மதிப்பீட்டாளர்களுக்கிடையேயான வித்தியாசம் எவ்வளவு என்பதை வெறும் நான்கு பேரை வைத்து மதிப்பிடுகிறோம், அதற்கு டிஎஃப் மூன்றுதான், இந்தத் தரவில் அந்த வித்தியாசமோ மிகப் பெரியது. டிஎஃப் குறைந்ததும் 3.58ஆக இருந்த எஃப் புள்ளி சுமார் 7.5க்கு ஏறுகிறது, கீழ் எல்லை 0.02க்குப் போய் விழுகிறது.

இதிலிருந்து ஆய்வைத் திட்டமிடுகிறவர் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. மதிப்பீட்டாளர்கள் இரண்டே பேர் என்றால் அந்த டிஎஃப் ஒன்றுதான். அந்த இருவரும் ஒருவருக்கொருவர் கொஞ்சம் வித்தியாசமாக அளந்துவிட்டால், நபர்களை நூறாக்கினாலும் முழு உடன்பாட்டு இடைவெளி நீங்கள் எதிர்பார்த்த அளவுக்குச் சுருங்காது. இரண்டு பேரை வைத்து "எல்லா மதிப்பீட்டாளர்களுக்கும் பொருந்தும்" என்று சொல்வதன் விலை அது, மென்பொருள் அந்த விலையை இடைவெளியில் நேர்மையாகக் காட்டிவிடுகிறது.

அப்புறம் பி மதிப்பு, அதாவது உண்மையான ஐசிசி பூஜ்யம் என்றால் இப்படிப்பட்ட தரவு தற்செயலாக வரும் வாய்ப்பு. 0.29 வந்த அதே வரியில் பி மதிப்பு 0.00013 என்று இருக்கும். "மிகவும் பொருள்பொதிந்தது" என்று ஆய்வேட்டில் எழுதிவிடத் தோன்றும். அந்தச் சோதனை கேட்பது ஐசிசி பூஜ்யமா இல்லையா என்று மட்டுமே. பூஜ்யம் இல்லை என்பதால் ஒரு கருவி நம்பகமானது ஆகிவிடுமா? ஒரே நபரை அளக்கும் இரண்டு பேரின் எண்களுக்குள் துளி உறவுகூட இல்லை என்று யாரும் ஆரம்பத்திலிருந்தே நினைக்கவில்லையே. எஸ்பிஎஸ்எஸ்ஸில் டெஸ்ட் வேல்யூ என்ற கட்டத்தில் பூஜ்யத்துக்குப் பதில் 0.75 போன்ற உருப்படியான எண்ணைக் கொடுக்கலாம், ஐஆர்ஆரிலும் அதற்கு இடம் உண்டு. ஆனால் இடைவெளியின் கீழ் எல்லையைப் பார்த்தாலே அந்தக் கேள்விக்கும் விடை கிடைத்துவிடும் என்பதால் எனக்கு பி மதிப்பைச் சொல்ல வேண்டிய தேவையே பெரும்பாலும் தெரிவதில்லை.

கீழ் எல்லை ஏன் அவ்வளவு முக்கியம்? 2016இல் கூவும் லீயும் எழுதிய வழிகாட்டிக் கட்டுரையை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள்: 0.5க்குக் கீழே மோசம், 0.75 வரை நடுத்தரம், 0.9 வரை நல்லது, அதற்கு மேல் மிக நல்லது. மேற்கோள் காட்டுகிற பலர் அதே கட்டுரை சொல்லும் இன்னொன்றை விட்டுவிடுகிறார்கள். இந்தத் தரம் பிரிப்பதை ஒற்றை எண்ணை வைத்துச் செய்யாதீர்கள், 95% இடைவெளியை வைத்துச் செய்யுங்கள் என்று அதில் தெளிவாக இருக்கிறது. அதன்படி 0.34 முதல் 0.95 என்றால் "மோசம் முதல் மிக நல்லது வரை" என்றுதான் எழுத முடியும். கேட்க நன்றாக இருக்காது, ஆனால் தரவு சொல்வது அதுதான். 1994இல் சிச்செட்டி கொடுத்த வரையறை இன்னும் தாராளமானது, அங்கே 0.75க்கு மேலேயே மிக நல்லது. எந்த அளவுகோலைப் பின்பற்றப் போகிறோம் என்பதை முடிவு வந்த பிறகு தேடாமல் முன்னாலேயே எழுதி வைத்துவிட வேண்டும்.

இடைவெளியைக் குறுக்க வேண்டும் என்றால் அது ஆய்வைத் தொடங்கும் முன் செய்ய வேண்டிய வேலை. போனெட் 2002இல் கொடுத்த சூத்திரம் இதற்கு மிகவும் கைகொடுக்கும், ஏனென்றால் அது பி மதிப்பையோ பவரையோ கேட்பதில்லை, இடைவெளி எவ்வளவு அகலம் இருக்கலாம் என்று நேராகக் கேட்கிறது. மூன்று மதிப்பீட்டாளர்கள், ஐசிசி 0.8 இருக்கும் என்று எதிர்பார்க்கிறோம், 95% இடைவெளியின் மொத்த அகலம் 0.2 போதும் என்றால் 36 நபர்கள் வேண்டும். மதிப்பீட்டாளர்களை நான்காக்கினால் 31, ஐந்தாக்கினால் 29. அகலத்தைப் பாதியாக்கி 0.1 வேண்டும் என்றால் மூன்று மதிப்பீட்டாளர்களோடு 140 பேர். நீங்கள் எதிர்பார்த்த 0.8 வராமல் உண்மையில் 0.6ஆக இருந்தால் அதே 0.2 அகலத்துக்கே 101 பேர் தேவைப்படும். இந்தக் கடைசி எண்தான் எச்சரிக்கை: இந்த உயர்ந்த எண்களிலிருந்து ஐசிசி குறையக் குறைய இடைவெளி விரியும், ஆகவே நம்பிக்கையாக 0.9 என்று எதிர்பார்த்து நபர் எண்ணிக்கையைச் சுருக்கிக்கொண்டவர்களுக்கு இரண்டு பக்கமும் அடி. திட்டமிடும்போது சற்றுத் தாழ்வான எண்ணையே எதிர்பார்ப்பாக வையுங்கள்.

விடுபட்ட தரவு விஷயத்தில் மென்பொருள்கள் ஒன்றுபோல நடந்துகொள்வதில்லை. ஒரு நபருக்கு ஒரே ஒரு மதிப்பீட்டாளரின் எண் விடுபட்டாலும் எஸ்பிஎஸ்எஸ்ஸும் ஐஆர்ஆரும் அந்த நபரை முழுசாக எடுத்துவிடும். 40 பேரை அளந்துவிட்டு 31 பேரின் முடிவை அறிக்கை செய்துகொண்டிருக்கலாம், வெளியீட்டில் நபர் எண்ணிக்கையை ஒருமுறை சரிபாருங்கள். ஆரில் சைக் தொகுப்பு கலப்பு மாதிரியை வைத்துக் கணக்கிடுவதால் விடுபட்ட கட்டங்களோடும் வேலை செய்யும், அதோடு ஆறு வகை ஐசிசியையும் எல்லைகளோடு ஒரே அட்டவணையில் தந்துவிடும். அந்த ஆறையும் பார்த்துவிட்டுப் பெரியதைத் தேர்ந்தெடுப்பதற்காக அல்ல அது, ஆனால் அப்படிச் செய்ய எளிதான வழி என்பதையும் சொல்லியாக வேண்டும். பைத்தானில் பிங்குவின் தொகுப்பும் இதே போன்ற அட்டவணையைத் தருகிறது, அதற்குத் தரவு நீள வடிவில் வேண்டும்: ஒரு வரிக்கு ஒரு மதிப்பெண், பக்கத்தில் நபர் யார், மதிப்பீட்டாளர் யார். சைக், ஐஆர்ஆர், எஸ்பிஎஸ்எஸ் மூன்றும் ஒரு வரிக்கு ஒரு நபர் என்ற அகல வடிவைக் கேட்கும். வரிசையும் நிரலும் மாறிப்போனால் மென்பொருள் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் மதிப்பீட்டாளர்களை நபர்களாக எடுத்துக் கணக்குப் போட்டுவிடும்.

கீழ் எல்லை மைனஸில் வந்தால் பயப்பட வேண்டாம். நம் தரவிலேயே ஒன்வே சராசரிக்கு மைனஸ் 0.88 வரை போகிறது. சூத்திரம் கணக்கைப் போடுகிறது, எஃப் ஒன்றுக்குக் கீழே போனால் எண் பூஜ்யத்துக்குக் கீழே போகும். பூஜ்யம் என்று திருத்தி எழுதுவதைவிட வந்ததை அப்படியே எழுதி, நபர்களுக்கிடையே உள்ள வித்தியாசத்தைப் பிழையிலிருந்து பிரித்துக் காட்ட இந்தத் தரவு போதவில்லை என்று சொல்வது மேல்.

எஃப் வழியான எல்லா இடைவெளிகளும் இயல்நிலைப் பரவலை நம்பி நிற்பவை. பாதிப் பேர் முழு மதிப்பெண் வாங்கிவிடும் அளவுகோலிலோ, ஒரு பக்கம் நீண்டு இழுக்கும் நேர அளவீடுகளிலோ அந்த நம்பிக்கை ஆட்டம் காணும். நேர அளவீடு என்றால் மடக்கை எடுத்துப் பார்க்கலாம், இல்லையென்றால் பூட்ஸ்ட்ராப், அதாவது இருக்கும் தரவிலிருந்தே திரும்பத் திரும்ப சாம்பிள் எடுத்துக் கணக்கிட்டு இடைவெளி காண்பது. பூட்ஸ்ட்ராப்பில் நபர்களைத்தான் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும், ஒருவரின் எல்லா மதிப்பெண்களும் அவரோடு சேர்ந்தே வர வேண்டும். தனித்தனி மதிப்பெண்களைக் குலுக்கினால் நாம் அளக்க வந்த உறவையே அழித்துவிடுவோம். ஆறு பேரை வைத்து பூட்ஸ்ட்ராப் செய்வதில் பயன் இல்லை, மூன்றே மதிப்பீட்டாளர்கள் இருக்கும்போது அவர்களுக்கிடையேயான வித்தியாசத்தைப் பற்றி அது புதிதாக எதையும் சொல்லவும் முடியாது.

இடைவெளி எவ்வளவு குறுகலாக இருந்தாலும் அது தீர்க்காத ஒரு சிக்கல் இருக்கிறது. ஐசிசி என்பது மொத்த வித்தியாசத்தில் நபர்களுக்கிடையேயான வித்தியாசத்தின் பங்கு. நோயாளிகளும் நல்ல ஆரோக்கியமானவர்களும் கலந்த கூட்டத்தை அளந்தால் அந்தப் பங்கு தானாகவே பெருகும், கருவி அப்படியே இருக்கும். அதனால் அளவீட்டின் திட்டப் பிழையையும் சேர்த்துக் கொடுங்கள், அது அந்த அலகிலேயே பேசும். மூட்டு அசைவின் திட்ட விலக்கம் 10 டிகிரி, ஐசிசி 0.8 என்று வைத்துக்கொள்வோம். ஒன்றிலிருந்து ஐசிசியைக் கழித்து, வர்க்கமூலம் எடுத்து, திட்ட விலக்கத்தால் பெருக்கினால் திட்டப் பிழை 4.5 டிகிரி; அதை 1.96ஆலும் இரண்டின் வர்க்கமூலத்தாலும் பெருக்கினால், ஒரு நோயாளியிடம் உண்மையான மாற்றம் நடந்திருக்கிறது என்று சொல்ல குறைந்தது 12.4 டிகிரி மாறியிருக்க வேண்டும். ஐசிசியின் கீழ் எல்லை 0.65 என்றால் அதே கணக்கு 16.4 டிகிரிக்குப் போகிறது. இரண்டு வாரச் சிகிச்சைக்குப் பிறகு 14 டிகிரி கூடியிருக்கும் நோயாளியிடம் "முன்னேற்றம்" என்று சொல்லலாமா கூடாதா என்பது இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் கிடக்கிறது.

அறிக்கையில் எழுதும்போது மென்பொருளின் பெயரும் பதிப்பும், மாதிரி, ஒத்திசைவா உடன்பாடா, ஒருவரா சராசரியா, நபர்கள் எத்தனை, மதிப்பீட்டாளர்கள் எத்தனை, பிறகு எண்ணும் இரண்டு எல்லைகளும். நம் அட்டவணைக்கு அது இப்படி இருக்கும்: "ஆறு நபர்கள், நான்கு மதிப்பீட்டாளர்கள், டூவே ரேண்டம் மாதிரி, முழு உடன்பாடு, ஒரு மதிப்பீட்டாளரின் அளவீடு, ஐசிசி 0.29, 95% நம்பிக்கை இடைவெளி 0.02 முதல் 0.76." இதைப் படிக்கிறவர் அதே தரவை எந்த மென்பொருளில் போட்டாலும் இதே எண்களுக்கு வந்து சேர முடியும். "எஸ்பிஎஸ்எஸ் மூலம் ஐசிசி கணக்கிடப்பட்டது" என்று மட்டும் எழுதியிருந்தால் 0.17லிருந்து 0.91 வரை எதுவாகவும் இருக்கலாம்.